ஒருவரை விலக்கும் ஆங்கில வினைகள்: தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

நிராகரித்தல், நீக்குதல், வெளியேற்றுதல், துரத்துதல் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் ஏராளமான வினைகள் உண்டு. அகராதி இவற்றை ஒன்றுக்கொன்று பொருளாகத் தருவதால், எதை எடுத்தாலும் பொருந்தும் என்று புதிதாகக் கற்பவர் எண்ணிவிடுகிறார். ஆனால் கொழும்பில் ஒரு கம்பனி ஆட்குறைப்புச் செய்தபோது வேலை இழந்தவர், அடுத்த வேலைக்கான படிவத்தில் ‘ஐ வாஸ் டிஸ்மிஸ்ட்’ என்று எழுதினால், குற்றம் செய்து நீக்கப்பட்டவர் என்றே வாசிப்பவர் விளங்கிக்கொள்வார். வினையைத் தெரிவுசெய்யும்போது கீழ்வரும் ஒழுங்கில் யோசித்துப் பாருங்கள்.

முதற்படி: ஆள் வெளியே நிற்கிறாரா, உள்ளே இருக்கிறாரா?

கேட்டு வந்தவரை ஏற்காமல் விடுவது வேறு, உள்ளே இருப்பவரை வெளியே அனுப்புவது வேறு. முன்னையதற்கு ரிஜெக்ட், ரிஃப்யூஸ், டிக்ளைன், டேர்ன் டவுன், டேர்ன் அவே ஆகியன உரியன. பரீட்சை மண்டபத்துக்குப் பிந்தி வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது டேர்ன் அவே. விண்ணப்பத்தையோ வேலை வாய்ப்பையோ வேண்டாம் என்பது டேர்ன் டவுன். அழைப்பொன்றை மரியாதையாக மறுக்க டிக்ளைன் பொருத்தமானது. அங்கே ரிஜெக்ட் என்று எழுதினால் முகத்தில் அறைந்தது போலிருக்கும்.

நம்மவர் அதிகம் தவறுவது ரிஜெக்ட், ரிஃப்யூஸ் ஆகிய இரண்டிலுமே. ‘வர மறுத்தான்’ என்பதற்கு ‘ஹீ ரிஃப்யூஸ்ட் டு கம்’ என்பதே சரி. ரிஜெக்ட் என்பதற்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும் என்பதால், ‘ரிஜெக்டட் டு கம்’ என்று எழுத முடியாது. பிரித்தானிய விசா நடைமுறையில் இவ்விரண்டுக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு: கட்டணமோ வேறு கட்டாயத் தேவையோ நிறைவேற்றப்படாததால் பரிசீலிக்கப்படாமலே தள்ளப்படும் விண்ணப்பம் ரிஜெக்ட் ஆகிறது, பரிசீலித்த பின் மறுக்கப்படுவது ரிஃப்யூஸ் ஆகிறது. முன்பு விசா மறுக்கப்பட்டதுண்டா என்று படிவம் கேட்கும்போது, உங்களிடமுள்ள கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்தே விடையளியுங்கள்.

இரண்டாம் படி: எங்கிருந்து வெளியேற்றுகிறார்கள்?

உள்ளே இருப்பவரை அனுப்பும் வினைகளில் இடமே முதலில் கவனிக்க வேண்டியது. வீடு, காணி, வாடகை அறை என்றால் எவிக்ட். பாடசாலை, கட்சி, சங்கம் என்றால் எக்ஸ்பெல். கூட்டம் நடக்கும் மண்டபத்திலிருந்து அந்த இடத்திலேயே பிடித்து வெளியே விடுவது இஜெக்ட், பேச்சு வழக்கில் த்ரோ அவுட். வெளிநாட்டவரை அரசு நாடு கடத்துவது டிபோர்ட்.

இடம் மாறினால் வினையும் மாறும் என்பதற்குக் கொழும்பிலேயே உதாரணம் இருக்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி, நகரின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. விடுதி அறையிலிருந்து அகற்றப்பட்டதைச் சொல்ல எவிக்ட் வேண்டும். நகரத்திலிருந்தே அகற்றப்பட்டதைச் சொல்ல எக்ஸ்பெல் வேண்டும். அவர்கள் இந்நாட்டுப் பிரஜைகளாதலால் டிபோர்ட் பொருந்தாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதற்கும் எக்ஸ்பெல் என்பதே உரிய சொல்.

சொந்த நாட்டிலிருந்தே ஒருவரைத் தொலைவுக்கு அனுப்பி, திரும்ப விடாமல் வைப்பது எக்சைல் அல்லது பேனிஷ். 1815இல் பிடிபட்ட கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கொழும்பில் சிறை வைக்கப்பட்டு, வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். அவனுக்கு நேர்ந்தது எக்சைல். பேனிஷ் சற்றுப் பழைய வாடை வீசும் சொல். அலுவலகக் கடிதத்துக்கு உதவாது.

மூன்றாம் படி: வேலை என்றால், தவறு யாருடையது?

ஊழியரின் குற்றத்துக்காகவோ திறமைக் குறைவுக்காகவோ நீக்குவது டிஸ்மிஸ். பேச்சில் சாக், ஃபயர். வேலை இல்லாததாலோ பணம் இல்லாததாலோ நீக்குவது லே ஓஃப், மேக் ரிடன்டன்ட். இலங்கையில் ரிட்ரெஞ்ச் என்பதும் பரவலாக வழங்குகிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனம், ஒழுக்காற்று நடவடிக்கையாக அல்லாமல் ஒருவரின் வேலையை முடிக்க வேண்டுமானால், அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ பெற வேண்டும். இங்கே கையாளப்படும் வினை டேர்மினேட். தவறு யாருடையது என்று அது சொல்லாது. காரணம் கூற விரும்பாதவருக்கு அதுவே வசதி.

அரச ஊழியர் விசாரணை முடியும்வரை இடைநிறுத்தப்பட்டால் நமது பத்திரிகைகள் இன்டர்டிக்ட் என்று எழுதுகின்றன. வெளிநாட்டவர் பலருக்கு அது புரியாது. அவர்களுக்கு எழுதும்போது சஸ்பென்ட் என்று மாற்றிவிடுங்கள்.

உயர் பதவிகளுக்கு ரிமூவ் என்பதே முறையான வினை. அரசியலமைப்பும் அதையே ஆளுகிறது. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நீக்கியதைச் சாக் என்றும் எழுதலாம், ரிமூவ் என்றும் எழுதலாம். முன்னையது தலைப்புக்கு அழகு, பின்னையது கட்டுரைக்கு.

நான்காம் படி: இழிவு இல்லாத இடங்கள்

டிஸ்மிஸ் எப்போதும் தண்டனையைக் குறிப்பதில்லை. வகுப்பு முடிந்து பிள்ளைகளை அனுப்புவதும், நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்வதும், துடுப்பாட்டக்காரர் ஆட்டமிழப்பதும் டிஸ்மிஸ்தான். 2023 கிரிக்கெட் உலகக் கிண்ணப் போட்டியில், உரிய நேரத்துக்குள் பந்தைச் சந்திக்கத் தயாராகாததால், ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் ‘டைம்ட் அவுட்’ முறையில் வெளியேறிய இலங்கை வீரர் அஞ்சலோ மெத்யூஸும் கணக்கில் டிஸ்மிஸ் ஆனவரே. வைத்தியசாலையிலிருந்து குணமாகி வீடு செல்வது டிஸ்சார்ஜ்.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்குச் சென்று உறவினரை வழியனுப்புவது சீ ஓஃப். அதையே நாய் திருடனைத் துரத்தியதற்கும் சொல்வார்கள். ஆனால் சென்ட் அவே என்று எழுதினால் அன்பு போய்விடும்: ‘ஐ சென்ட் மை அன்ட் அவே’ என்பதை, வீட்டுக்கு வந்த மாமியைப் போகச் சொல்லிவிட்டீர்கள் என்றே வாசிப்பார்கள்.