தொலைநோக்கியை எடுப்பதற்கு முன் உச்சிவானைப் பாருங்கள்
தொலைநோக்கியை வெளியே எடுத்து வைப்பதற்கு முன், உச்சிவானில் உள்ள விண்மீன்களைச் சற்று நேரம் வெறுங்கண்ணால் கவனியுங்கள். அவை படபடவென மினுக்கினால், அன்று சனியின் வளையங்களையோ வியாழனின் பட்டைகளையோ அதிக உருப்பெருக்கத்தில் பார்க்க முயல்வது வீண். வெப்பநிலையும் அடர்த்தியும் மாறுபடும் காற்றுத் திரள்கள், நம்மை நோக்கி வரும் ஒளியை நொடிக்குப் பலமுறை வெவ்வேறு திசைகளில் விலகச் செய்வதால்தான் விண்மீன்கள் மினுக்குகின்றன. அதே கலக்கம்தான் தொலைநோக்கியில் கோளின் விளிம்பை, ஓடும் நீருக்கு அடியில் கிடக்கும் நாணயம்போல் நெளியவைக்கிறது. பளிச்சென்று மினுக்கும் வானமே நல்ல வானம் என்று பலரும் தவறாக நம்பிவிடுகிறார்கள். அதே நேரம், அடிவானத்தை ஒட்டிய விண்மீன்கள் மினுக்குவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அங்கிருந்து வரும் ஒளி பல மடங்கு கூடுதலான காற்றைக் கடந்து வருவதால், தாழ்வாக நிற்கும் சிரியஸ் நல்ல இரவிலும் நிறம் மாறி மாறி மினுக்கும். கார்த்திகை போன்ற விண்மீன் கொத்துகளைக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்ப்பவர்களுக்கு இந்தச் சோதனை தேவையில்லை.