பழைய ஆலைத் திடலில் மேடையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீசல் தீர்ந்தது, வயர் காலில் தட்டியது எல்லாம் ஒரே ஷோவில் புரிந்துவிடும், அவற்றை விடுகிறேன். சமீபத்தில் பெரம்பூர் பக்கம் சில பையன்கள் மேடை ஏற்றுவதைப் பார்த்தேன். எங்கள் மேடைக் கோஷ்டி அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்து. அதனால்தான் இது.

தரையை நம்புவது

வடசென்னையில் பெரிய திடல் என்றால் பெரும்பாலும் மூடிய ஆலை, குடோன், பழைய யார்டு. பெரம்பூர் பின்னி துணி ஆலை 1996-இல் மூடியபின் அங்கே சினிமா செட்டுகள் நின்றன. அப்புறம் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. இப்படிப்பட்ட இடத்தில் சிமெண்ட் தரையை மிதித்துப் பார்த்து, “ஸ்ட்ராங்கா இருக்குண்ணே” என்பார்கள். அடியில் மெஷின் குழி, தூர்ந்த சாக்கடை, கொட்டி மூடிய சாம்பல் என எதுவும் இருக்கலாம். கூரை, லைட், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து, கூரையைத் தாங்கும் ஒவ்வொரு டவர் கால் வழியாகவும் டன் கணக்கில் இறங்கும். தாங்குவதோ காலுக்கு அடியில் இருக்கும் சின்ன இரும்புத் தட்டு, ஜாக் தட்டு.

மூடிய ஆலை ஒன்றில் எங்கள் ஷோ. அன்றைக்குப் பின்பக்க டவருக்கு அடியில் ஒற்றைப் பலகைதான். கூரை ஏற ஏற, தட்டைச் சுற்றி மெல்லிசாக விரிசல். முன்பு அதே ஆலையில் வேலை பார்த்த வாட்ச்மேன் டீ கிளாஸோடு வந்து நின்றார். “இன்னா தம்பி, சாயத்தொட்டி மேலயே காலு நட்டுக்கினு கீறீங்க?”

கூரையை இறக்கி, டவரைத் தள்ளி நட்டு முடிப்பதற்குள் சவுண்ட் செக் போச்சு. கிரேனுக்கு இன்னொரு நாள் வாடகை. பெரியவரை முதல் நாளே கேட்டிருந்தால் ஒரு டீயோடு முடிந்திருக்கும். எனக்கு எரிச்சல் அதில்கூட இல்லை. “லேசான விரிசல்தானேண்ணே” என்றான் பாருங்கள் எங்கள் பையன் ஒருவன், அதில்தான்.

பழைய வரைபடம் கிடைத்தால் சரி. இல்லையென்றால் அங்கே வேலை பார்த்தவர்களைத் தேடுங்கள். சுத்தியலால் தட்டுங்கள், சத்தம் மாறினால் துளை போட்டுப் பாருங்கள். ஸ்லீப்பர் கட்டைகளை (தண்டவாளத்துக்கு அடியில் போடும் கனமான கட்டைகள்) அடுக்கி, மேலே இரும்புத் தகடு போட்டுப் பாரத்தைப் பரப்புங்கள். எத்தனை கட்டை என்பதை இன்ஜினியர் கணக்குப் போடட்டும், கண்ணளவு வேண்டாம். கிரேன் கால்களுக்கும் இதேதான். மழை பெய்தால் மறுபடி லெவல் பாருங்கள்.

காற்று

மத்தியானம் கடற்காற்று எழும்பினால் எல்இடி சுவர் பாய்மரம்தான். வேகம் இரட்டித்தால் தள்ளுவிசை நாலு மடங்கு. சாயாமல் இருக்கப் பாரத்துக்கு வைக்கும் 1000 லிட்டர் தண்ணீர் டேங்க் முழுசாக நிரம்பினால்தான் ஒரு டன். அரை டேங்கை ஒரு டன் என்று எழுதாதீர்கள்.

சத்தம்

சிறப்பு அனுமதி இல்லையென்றால் இரவு 10 மணிக்கு நிறுத்துங்கள். ஆலை இருந்த இடத்தில் இப்போது குழந்தை தூங்குகிறது.

லாரி

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகக் கண்டெய்னர் வரிசை நீண்டால் கூரைச் சட்டங்கள் (truss) ஏற்றிய வண்டியும் அங்கேயே நிற்கும். முதல் நாளே இறக்குங்கள். மழையில் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கமே போகாதீர்கள்.