71 கிலோ பிட் பைக்கை 64க்கு இறக்கினேன்

மலேசியாவின் நிபோங் திபாலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். மழை விட்டதும் என் 125 சிசி பிட் பைக் (மண் பாதையில் ஓட்டும் குட்டி மோட்டார் சைக்கிள்) சேற்றில் சாய்ந்தால், நிமிர்த்துவதற்குள் இடுப்பு கழன்றுவிடும்.

முதலில் எடை போட்டேன். வீட்டு எடை மெஷின்மேல் முன்சக்கரம், பின்சக்கரத்துக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை. அப்புறம் மாற்றி வைத்து, இரண்டையும் கூட்டினால் 71 கிலோ.

எஞ்சினுக்கு அடியில் இறுகிக் கிடந்த மண்ணைச் சுரண்டியதிலேயே ஒன்றரைக் கிலோ போனது. காசு செலவில்லாத வேலை!

அடுத்து பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும்: மூன்றரைக் கிலோ. என் வண்டியில் பிளக்குக்கான மின்சாரம் எஞ்சினோடு சுழலும் காந்தத்திலிருந்தே வருவதால் பேட்டரி தேவையில்லை, உதைத்தால் போதும். ஆனால் மோட்டார் இருந்த ஓட்டையைத் தகடு வைத்து மூட மறந்துவிட்டேன். ஒரே உதை, காலணி முழுக்க எண்ணெய்.

அலுமினிய ஹேண்டில்பாரும் சைலன்சரும் மாற்றியதில் இன்னும் இரண்டு கிலோ. பின் சக்கரத்துக்கு அலுமினிய ஸ்ப்ராக்கெட் (சங்கிலி ஓடும் பல்சக்கரம்) போட்டது வீண்; மணல் கலந்த சேறு பற்களைச் சீக்கிரமே தின்றுவிட்டது. மறுபடி இரும்புக்கே திரும்பினேன்.

"ஸ்விங் ஆர்ம்ல நாலு ஓட்டை போடு தம்பி" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். பின்சக்கரத்தைத் தாங்கும் கைதான் ஸ்விங் ஆர்ம். அதிலும் வண்டிச் சட்டத்திலும் (ஃப்ரேம்) அச்சு போல்ட்டிலும் கைவைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குதித்து இறங்கும்போது முழு அடியும் அங்கேதான் விழும். அதற்குப் பதில் டாங்க்கைப் பாதிதான் நிரப்புகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோ வரும்.