ஸ்டானை ஓட்டும் முன் பேனாவை எடுங்கள்

முதுகலையில் பேயீசியன் புள்ளியியல் படிப்பவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. பேயீசியன் மாடல்களைக் கணக்கிடும் மென்பொருளான ஸ்டானில் பெரிய மாடலுக்குள் குதிக்கும் முன், கையாலேயே விடை வரும் கணக்கு ஒன்றை அதில் ஓட்டிப் பாருங்கள். பூவா தலையா 10 முறை சுண்டியதில் தலை 7 என்று வையுங்கள். தலை விழும் வாய்ப்புக்கான ப்ரையர் (தரவைப் பார்க்கும் முன் நாம் வைக்கும் ஊகம்) பீட்டா(2,2) பரவல் என்றால் போஸ்டீரியர் (தரவைப் பார்த்தபின் திருத்திய ஊகம்) பீட்டா(9,5): தலையை முதல் எண்ணோடும் பூவை இரண்டாவதோடும் கூட்ட வேண்டியதுதான். சராசரி 9/14, சுமார் 0.643. ஸ்டானிலும் இதையொட்டித்தான் வரணும். மூன்றாம் தசமம் கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை. 0.667 வந்தால்? ப்ரையர் வரியை எழுத மறந்திருப்பீர்கள். அப்போது ஸ்டான் 0 முதல் 1 வரை சமமான ப்ரையரைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆர்-ஹாட் (ஸ்டானின் பல ஓட்டங்களும் ஒரே விடைக்கு வந்தனவா என்று காட்டும் அளவு) என்னவோ 1.00 என்று அழகாகத்தான் காட்டும், இந்தத் தவறு அதன் கண்ணில் படாது.