சுகர், பிரஷருக்கு டாக்டரிடம் பேசுவது எப்படி? புதிதாக மாத்திரை தொடங்கியவர்களுக்கு

பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரியோ, ஊர் ஆரம்ப சுகாதார நிலையமோ, டாக்டர் முன்னால் உட்காரக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். என்ன சொல்வது என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துவிட்டுப் போங்கள்.

படி 1: பையைக் கட்டுங்கள்

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போடுங்கள். நாட்டு மருந்துக் கடைச் சூரணம், சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை, எல்லாம்தான். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் பெண்கள் பலர் இடுப்பு வலிக்கு அந்த மாத்திரையைச் சாதாரணமாகப் போடுகிறார்கள். வலி மாத்திரைகளில் பல பிரஷரை ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும். பெயர் தெரியவில்லையா? அட்டையை நீட்டினால் போதும்.

படி 2: கேள்விகளை எழுதுங்கள்

இரண்டு மூன்று போதும். அதிகம் பயமுறுத்துவது முதலில் இருக்கட்டும்.

படி 3: மறைக்க நினைப்பதை முதலில் சொல்லுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான்.

"மாத்திரை ஒழுங்கா போடுதீயளா?" என்றதும், "போடுதேன்யா" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். ஆனால் ரிசல்ட்டில் சுகர் ஏறியிருக்கும். மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டுவார். பயந்துபோய் நாமும் அன்றிலிருந்து தவறாமல் போடுவோம். சில மாத்திரைகளிலும் இன்சுலினிலும் அப்போது சுகர் 70-க்குக் கீழே போய்விடும்: கை நடுங்கும், குப்பென்று வேர்க்கும், மயக்கம்கூட வரலாம்.

அதனால் இப்படிச் சொல்லுங்கள்: "அய்யா, வேலை முடிஞ்சு வர நேரமாயிருது, ராத்திரி மாத்திரை வாரத்துல மூணு நாள் விட்டுப் போவுது." நேரத்தை மாற்றித் தர முடியுமா என்று டாக்டர் பார்ப்பார். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காப்பி குடிக்கிறீர்களா? அதையும் சொல்லுங்கள். கருப்பட்டியும் சுகரை ஏற்றும். நம் பக்கம் இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். ரம்ஜான் நோன்போ, கந்த சஷ்டி விரதமோ இருப்பவர்கள் ஒன்றிரண்டு மாதம் முன்பே கேளுங்கள். மாத்திரையின் அளவும் நேரமும் மாற வேண்டியிருக்கும்.

படி 4: இவற்றைக் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்

எனக்கு எச்பிஏ1சி எவ்வளவில் இருக்கணும்? (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அது. பலருக்கு 7-க்குக் கீழே என்பார்கள், வயதானவர்களுக்குக் கொஞ்சம் தளர்த்துவார்கள்.) ஒரு வேளை மாத்திரை மறந்துபோனா என்ன செய்ய? ரத்தம் கொடுக்க வெறும் வயித்துல வரும்போது காலை மாத்திரையைப் போடலாமா?

படி 5: திருப்பிச் சொல்லுங்கள்

"காலையில இது சாப்பாட்டுக்கு முன்ன, ராத்திரி இது பின்ன, சரிதானய்யா?" தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். காது மந்தமானவர்கள் மகளையோ மருமகளையோ கூட்டிப் போங்கள்.

படி 6: வீட்டுக்கு மாத்திரை வந்தாலும் டாக்டரைப் பாருங்கள்

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரிய உதவி அது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், பாதம் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், உட்கார்ந்ததுமே செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டுங்கள்.