வலிப்பு வந்தவர் ட்ரக் ஓடலாமா? கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்காபுரோவிலோ பிரம்டனிலோ வந்து இறங்கிச் சில மாதத்துக்குள், "தம்பி, பேசாமல் ஏ.ஸெட் எடுத்து ட்ரக் ஓடப் போகலாமே" என்று யாராவது ஒருவர் சொல்லுவார். கெட்ட யோசனை இல்லை. ஆனால் ஒன்ராறியோவில் 2017 ஜூலையிலிருந்து, ட்ரெய்லர் இழுக்கும் பெரிய ட்ரக்குக்கான இந்த ஏ.ஸெட் லைசன்ஸுக்குக் குறைந்தது 103.5 மணிநேரப் பயிற்சி கட்டாயம். அதற்குப் பள்ளிக்கூடங்கள் ஆயிரக்கணக்கில் டொலர் கேட்கும். உங்களுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், சின்ன வயதில் வந்து நின்றுபோயிருந்தாலும், அந்தக் காசைக் கட்டுவதற்கு முன்னால் இதை வாசித்துவிடுங்கள்.

இந்தத் தொழிலில் உங்களுக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று கனடாவினுடையது, மற்றது அமெரிக்காவினுடையது. ரொறன்ரோ கொம்பனிகள் பலவற்றின் ஓட்டம் வின்ட்சர் பாலத்தாலும் பஃபலோவாலும் அமெரிக்காவுக்குள் போய்வருவதுதான். அதனால் "எனக்கு லைசன்ஸ் இருக்கு" என்பது பாதிப் பதில் மட்டுமே.

முதலில் கனடா. சொந்தக் கார் ஓடுவதற்கான ஜி லைசன்ஸ் என்றால், மருந்து எடுத்துக்கொண்டு 6 மாதம் வலிப்பில்லாமல் இருந்தால் பொதுவாகப் போதும். ஏ.ஸெட் போன்ற வர்த்தக லைசன்ஸுக்கு 5 வருடம். மருந்து எடுக்கிறீர்களா, நிறுத்திவிட்டீர்களா என்பது பிரச்சினை இல்லை, ஐந்து வருடம் ஒருமுறைகூட வராமல் இருக்கவேண்டும். வாழ்க்கையில் ஒரேயொரு தடவை காரணம் தெரியாமல் வந்து, ஈ.ஈ.ஜி. என்கிற மூளை மின்னலைப் பரிசோதனையிலும் ஸ்கானிலும் ஒன்றும் பிடிபடாமல், இது வலிப்பு நோய் இல்லை என்று நரம்பியல் டொக்டரான நியூரோலொஜிஸ்ட் முடிவு செய்தால் 12 மாதம். காய்ச்சல், தலையடி, குடியை ஒரேயடியாக விட்டது என்று தெளிவான காரணத்தோடு வந்த வலிப்பைத் தனியாகப் பார்ப்பார்கள்.

ஏ.ஸெட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே டொக்டர் நிரப்பிய மருத்துவப் படிவம் கேட்பார்கள். பிறகும் 46 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, 64 வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை, 65 ஆனதும் வருடாவருடம் அது திரும்ப வரும். ஒன்ராறியோவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வாகனம் ஓடுவதற்குத் தகுதியில்லாத நிலையில் ஒருவரைக் கண்டால், போக்குவரத்து அமைச்சுக்கு அறிவிக்கவேண்டியது டொக்டரின் சட்டக் கடமை. ஊரில்போல "டொக்டர், இதை எழுதாதீங்கோ" என்று கெஞ்சிப் பார்க்கிற ஆட்கள் இங்கேயும் உண்டு. கெஞ்சுவதில் பலன் இல்லை, டொக்டரைச் சங்கடப்படுத்துவதுதான் மிச்சம். அறிவித்தபின் லைசன்ஸ் இடைநிறுத்தப்பட்டால், காலம் முடிந்ததும் மருத்துவ அறிக்கையை அனுப்பித் திரும்ப எடுக்கலாம். முடிவு தவறு என்று பட்டால் லைசன்ஸ் மேன்முறையீட்டு மன்றத்துக்குப் போகலாம்.

இனி எல்லைக்கு அந்தப் பக்கம். பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான்.

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் ட்ரக் ஓடுகிறவர்களின் உடல்தகுதியைத் தீர்மானிப்பது மத்திய அரசின் எஃப்.எம்.சி.எஸ்.ஏ. அமைப்பு. அதன் 391.41 விதி, வலிப்பு நோய் என்று எப்போதாவது கண்டறியப்பட்டவருக்குத் தகுதியில்லை என்கிறது. மருந்தெல்லாம் நிறுத்தி, அதற்குப் பிறகும் மொத்தம் 10 வருடம் வலிப்பில்லாமல் இருந்தவரை மருத்துவப் பரிசோதகர் சாதாரணமாகவே தகுதியுள்ளவர் என்று சான்று கொடுக்கலாம். குளிசை எடுத்துக்கொண்டே நன்றாக இருக்கிறவர்களுக்கு நெடுங்காலமாக வழியே இருக்கவில்லை. 2007இல் ஒரு மருத்துவ நிபுணர் குழு தந்த பரிந்துரைகளை வைத்து, 2013 ஜனவரியில் 22 ட்ரைவர்களுக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்த வாசல் திறந்திருக்கிறது.

அந்த விதிவிலக்குக்கு வேண்டியது இது: வலிப்பு நோய் உள்ளவர் 8 வருடம் வலிப்பில்லாமல் இருக்கவேண்டும். மருந்து எடுத்தால், கடைசி 2 வருடம் மருந்தின் பெயரும் அளவும் மாறியிருக்கக்கூடாது. காரணமில்லாமல் ஒரேயொரு தடவை வந்தவருக்கு 8 என்பது 4 ஆகும். மருந்து பற்றிய 2 வருட நிபந்தனை அவருக்கும் உண்டு.

விண்ணப்பம் வாஷிங்டனுக்குப் போகும். சிகிச்சை பார்க்கிற டொக்டரின் கடிதம், உடல் பரிசோதனை அறிக்கை, மூன்று வருட ட்ரைவிங் ரெக்கோர்ட் எல்லாம் சேர்க்கவேண்டும். பிறகு அரசிதழில் அறிவித்துப் பொதுமக்களின் கருத்தைக் கேட்பார்கள். பெயர், வயது, மாநிலம், எந்த வருடத்திலிருந்து வலிப்பில்லை, மருந்து எப்போதிலிருந்து மாறவில்லை என்பதெல்லாம் அதில் அச்சாகும். பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது இந்த வருத்தத்தை மூடி மறைத்துப் பழகின நம் ஆட்களுக்கு இது பெரிய இடி. ஆனால் நெடுஞ்சாலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பக்கத்தில் கார் ஓடுகிறவனுக்கும் இதைத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது என்பதே என் கருத்து. முடிவு வர அரை வருடம் வரை எடுக்கலாம். கிடைத்தபின் வருடாவருடம் பரிசோதனை, வருடாவருடம் டொக்டரின் அறிக்கை, வண்டியில் எப்போதும் அந்த விதிவிலக்குக் கடிதத்தின் பிரதி. இடையில் ஒரு வலிப்பு வந்தால் விதிவிலக்கு போய்விடும்.

சரி, கனடாவில் இருக்கிற நீங்கள் இதற்கு விண்ணப்பித்து டெட்ராய்ட் போய்வரலாமா? முடியாது. 1999இலிருந்து நடைமுறையில் உள்ள இரு நாட்டு ஒப்பந்தப்படி, வலிப்பு நோய் உள்ள கனடிய ட்ரைவர் அமெரிக்காவுக்குள் வர்த்தக வாகனம் ஓடக்கூடாது. ஐந்து வருடம் கழித்து ஒன்ராறியோ உங்களுக்கு ஏ.ஸெட் தந்தாலும் அப்படித்தான். லைசன்ஸில் டபிள்யூ என்ற குறி இருந்தால், "கனடாவுக்குள் மட்டும்" என்று அர்த்தம். அதேபோல, விதிவிலக்கு எடுத்த நியூ ஜெர்சி மச்சானும் ட்ரக்கோடு ரொறன்ரோவுக்கு வரமுடியாது. இதை வேலைக்குச் சேரும் நாளிலேயே, ஓட்டங்களைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பாச்சருக்குச் சொல்லிவிடுங்கள். நடு இரவில் ஃபோன் அடித்து, "அண்ணை, ஆள் இல்லை, ஒருக்கா பஃபலோ வரைக்கும் இறக்கிப்போட்டு வாங்கோ" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினால் சண்டையாகத்தான் முடியும்.

கனடாவுக்குள் ஓடியே பிழைக்கலாமா என்றால், தாராளமாக. 401 நெடுஞ்சாலையில் மொன்றியல் ஓட்டம் இருக்கிறது, வின்னிபெக் பக்கம் இருக்கிறது, ரொறன்ரோவும் சுற்றுப்புறமும் சேர்ந்த ஜி.ரி.ஏ.க்குள் மண், கொங்கிரீட், கடைச் சாமான் ஏற்றி இறக்குகிற வேலையும் இருக்கிறது. இரவில் வீட்டில் படுக்கக் கிடைக்கிற வேலையைத்தான் நான் முதலில் சொல்வேன். நித்திரை குறைவது வலிப்பைக் கிளப்புகிற பெரிய காரணங்களில் ஒன்று. இரண்டு பேர் மாறி மாறி ஓடுகிற டீம் ட்ரைவிங் காசு தரும், ஆனால் ஓடுகிற வண்டிக்குள் படுத்து எழும்பும் நித்திரை உங்களுக்கு ஒத்துவராது. ஐந்து வருடக் கணக்கு முடியும்வரை டிஸ்பாட்ச், ஆபீஸ் வேலை பழகலாம். ஃபோர்க்லிஃப்ட் வேண்டாம், அதுவும் ஓடுகிற இயந்திரம்தான்.

இப்போது ஊரில் இருந்து வரும்போது செய்யவேண்டியது. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் முழுக்கதையும் ஒரு திகதியில் தொங்குகிறது: கடைசி வலிப்பு எப்போது வந்தது? ஐந்து வருடமோ எட்டு வருடமோ அந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். "2016 அளவில இருக்கும்" என்று சொன்னால் இங்குள்ள டொக்டர் எழுதமாட்டார். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கிளினிக் போனவர் என்றால், கையில் கிளினிக் கொப்பி இருக்கும். மூலை மடிந்து, மருந்துச் சீட்டு ஒட்டி, ஒவ்வொரு வரவுக்கும் ஒரு திகதியும் டொக்டரின் கிறுக்கல் எழுத்தும் இருக்கிற அந்தக் கொப்பிதான் உங்கள் சொத்து. "வலிப்பு இல்லை, அதே மருந்து" என்ற கருத்தில் ஆங்கிலத்தில் எழுதின இரண்டு மூன்று சொற்கள் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தால், அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் டயக்னோசிஸ் கார்ட், ஈ.ஈ.ஜி. தாள், ஸ்கான் அறிக்கை, குளிசைப் பெட்டியின் அட்டை எல்லாவற்றையும் ஃபோனில் படமெடுத்து, மூலத்தையும் கைப்பையில் கொண்டுவாருங்கள். பெட்டியில் போட்டு அனுப்பவேண்டாம், பெட்டி தொலையும். இந்தியாவில் சிகிச்சை எடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள். ஊரில் இருந்துகொண்டு கேட்பது சுலபம், இங்கிருந்து அம்மாவை அலைய விடுவது பாவம்.

குளிசையை மூன்று மாதத்துக்காவது கையோடு கொண்டுவாருங்கள், கூடவே மருந்துச் சீட்டும். குடும்ப டொக்டரைப் பிடிக்கவும், அவர் நியூரோலொஜிஸ்ட்டிடம் அனுப்பவும் மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில் குளிசை தீர்ந்துபோனால் வருகிற வலிப்பு உங்கள் கணக்கைத் திரும்பப் பூச்சியத்திலிருந்து தொடங்க வைக்கும். இங்கே வந்தபின் டொக்டர் வல்ப்ரோயேட் போன்ற வலிப்புக் குளிசையை மாற்றி வேறு தருவதாகச் சொன்னால், ட்ரக் ஓடும் எண்ணம் இருப்பதை அப்போதே சொல்லிக் கேளுங்கள். மாற்றவேண்டிய மருத்துவக் காரணம் இருந்தால் மாற்றத்தான் வேண்டும், லைசன்ஸுக்காக உடம்பைப் பணயம் வைக்கமுடியாது. முதுகு நோவுக்கு யாரோ தந்த ட்ராமடோல் குளிசையைத் தொடவே வேண்டாம், அது வலிப்பைக் கொண்டுவரக்கூடியது. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி, சிவராத்திரிக்கு விடியவிடியக் கண்விழிப்பு என்று இருக்கிறவர்கள், விரத நாளிலும் குளிசையை நேரத்துக்கு எடுங்கள். முருகன் கோவிக்கமாட்டார்.

படிவத்தில் "வலிப்பு வந்ததுண்டா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று போட்டுவிட்டு ஓடுகிறவர்களைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். அமெரிக்கப் பரிசோதனைப் படிவத்தில், பொய் சொன்னால் சான்றிதழ் செல்லாமல் போகலாம் என்று எழுதியிருக்கும், அதன் கீழேதான் ட்ரைவர் கையெழுத்து வைக்கிறார். விபத்து நடந்தால் பழைய மருத்துவக் குறிப்புகளைத் தோண்டி எடுப்பார்கள். நிரந்தர வதிவிடம் இன்னும் கைக்கு வராதவர் அந்த நிலையில் நிற்பதை யோசித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே ட்ரக் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல்முறையாக வந்தால்? வலிப்புக்கு முன் சிலருக்குக் கை துடிக்கும், விசித்திரமான மணம் வரும், கொஞ்ச நேரம் நினைவு தப்பும். அதை "களைப்பு" என்று விட்டுவிடாமல் வண்டியை ஓரம்கட்டி 911ஐ அழையுங்கள். பிறகு எமர்ஜென்சியில், எந்த நாள், எத்தனை மணி, என்ன நடந்தது, என்ன பரிசோதனை செய்தார்கள் என்ற குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். நியூரோலொஜிஸ்ட்டுக்கான கடிதத்தையும் அன்றே எழுதச் சொல்லுங்கள். காரணம் இல்லாமல் ஒருமுறை வந்ததா, வலிப்பு நோயா என்று அவர் எழுதும் வரியை வைத்துத்தான் நீங்கள் 12 மாதம் காத்திருப்பதா, ஐந்து வருடமா என்று அமைச்சு முடிவு செய்யும்.