ஐம்பதுக்குப் பின் தொழில் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

30 வயதில் தொடங்கிய கடையை மூன்றாண்டில் மூட நேர்ந்தால், மீண்டும் வேலைக்குப் போய்க் கடனை அடைத்துவிடலாம். 55 வயதில் அதே இழப்பு வந்தால் அதை மீட்க ஆண்டுகள் போதாது. தாமதமாகத் தொழிலில் இறங்குவோருக்கு அனுபவமும் அறிமுகங்களும் பணமும் இளைஞர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். குறைவாக இருப்பது இழப்பை ஈடுகட்டும் அவகாசம்தான். இதை மறப்பதாலேயே பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

அவற்றுள் பெரியது, ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் முதலாகப் போடுவது. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் அடுத்தடுத்து வங்கிக் கணக்கில் வந்து சேரும்போது, அதுவரை கண்டிராத அந்தத் தொகை தொழிலுக்காகவே வந்ததுபோலத் தோன்றும். உண்மையில் அது இனிவரும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளின் வீட்டுச் செலவு. குடும்பம் நடத்தத் தேவையான பகுதியை முதலில் பிரித்து, எளிதில் கைவைக்க முடியாத இடத்தில் போட்டுவிட்டு, மீதியைக் கொண்டே தொழிலைத் திட்டமிட வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். 60 வயது ஆகாதவர்களும், 55 வயதைக் கடந்து ஓய்வு பெற்றிருந்தால், ஓய்வுக்காலப் பலன்கள் கிடைத்த மூன்று மாதங்களுக்குள் அதில் சேரலாம். வட்டி 8.2 சதவீதம் என்றால் 30 லட்சத்துக்குக் காலாண்டுதோறும் 61,500 ரூபாய் வரும். வியாபாரம் படுத்த மாதங்களிலும் அடுப்பெரிய அது உதவும்.

மீதிப் பணத்தையும் வாடகை முன்பணம், உள் அலங்காரம், குளிர்சாதன வசதி என்று முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே கரைத்துவிடுவோர் பலர். கடையைக் காலி செய்யும்போது முன்பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பும். சுவரில் போட்ட பணம் திரும்பாது.

அடுத்தது, அறியாத தொழிலில் இறங்குவது. முப்பதாண்டுகள் கணக்குத் துறையில் இருந்தவர், சாப்பாட்டில் ருசி உள்ளவர் என்பதற்காகவே உணவகம் திறக்கிறார். சமையல்காரர் சொல்லாமல் நின்றுவிட்ட நாளில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரிவதில்லை. மதுரையில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர் ஜி. வெங்கடசாமி, 1976இல் 58 வயதை நெருங்கிய நிலையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அது லாபத்துக்காகத் தொடங்கியதன்று. ஆனாலும் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் அதில் உண்டு. பணியில் இருந்தபோதே கண் சிகிச்சை முகாம்கள் நடத்திப் பழகிய வேலையையே அவர் தொடர்ந்தார். தொடங்கியது 11 படுக்கைகளுடன் மட்டுமே. தொழில் தெரியாத குறையை ஃபிரான்சைஸ் (பெயர் பெற்ற நிறுவனத்தின் பெயரில் கடை நடத்தும் உரிமை) தீர்த்துவிடும் என்று நம்புவோர், ஏற்கெனவே அதை எடுத்து இரண்டாண்டு நடத்தியவர்களிடம் நேரில் பேசிய பிறகே கையெழுத்திட வேண்டும்.

அரசுத் திட்டங்களில் வரிசை மாறிச் செயல்படுவதாலும் இழப்பு உண்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தின் 2025-26 வரையிலான விதிகளில் உச்ச வயது வரம்பு இல்லை. அவற்றின்படி, உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டச் செலவில் 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. ஆனால் அது புதிய தொழில்களுக்கு மட்டுமே. கடையைத் திறந்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் போனால் கிடைக்காது. ஆகவே எதற்கும் முன்பாக மாவட்டத் தொழில் மையத்துக்குச் சென்று, எந்தத் திட்டம் நடப்பில் உள்ளது என்று கேட்டுக்கொள்வது நல்லது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்குப் பணம் கேட்கும் தனியார் இணையதளங்களை நம்ப வேண்டாம்.

மருத்துவக் காப்பீட்டைப் பலர் நினைப்பதே இல்லை. வேலையை விட்டதும் அலுவலகக் குழுக் காப்பீடு முடிந்துவிடும். புதிதாக எடுக்கும் பாலிசியில், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்ற முன்பே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். வேலையில் இருக்கும்போதே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பித்தால், குழுவில் இருந்த காலமும் கணக்கில் சேரும்.

தனி உரிமையாளராகத் தொழில் நடத்தினால் தொழிலின் கடன் சொந்த வீடு வரை பாயும். வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மையாகப் பதிவு செய்தால் பாதுகாப்பு உண்டு. எனினும், வங்கி கேட்டதென்று சொந்த ஜாமீன் எழுதிக் கொடுத்தால் அந்தக் கடனைப் பொறுத்தவரை அப்பாதுகாப்பு போய்விடும். மனைவியையோ மகனையோ ஜாமீன்தாரராகச் சேர்ப்பதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

எவ்வளவு இழப்பு வந்தால் நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாததும் ஒரு தவறே. அந்தத் தொகையையும் தேதியையும் தொடங்கும் முன்பே எழுதி வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும். கடையில் தினமும் உட்கார்ந்திருப்பவருக்கு அடுத்த மாதம் நன்றாக இருக்கும் என்றே எப்போதும் தோன்றும் என்பதால், நிறுத்தச் சொல்லும் உரிமை அவர் அல்லாத ஒருவரிடம் இருக்க வேண்டும்.